கொக்கி வச்ச எழுத்து

ஜூன் 4, வியாழன்

பிரஸ்ஸு மெயிலுக்கு ரெண்டு விதமாத்தான் வரும். ஒண்ணு, "அக்கா, பத்திரிகை புரூஃப் ரெடியா?" இல்லாட்டி, உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கு, பேங்க் நம்பர் அனுப்புங்க. இன்னிக்கு வந்ததையும் பரிசுக்காரன்னு அழிக்கத்தான் போனேன். உள்ள தமிழ் தெரிஞ்சுது. மெஷின் மொழிபெயர்த்த தமிழ். அப்படியே எடுத்து இங்க வைக்கிறேன்.

"அன்பான பெண்மணி. நான் உங்கள் மகளின் கணவரின் தாய். ரூபா அறியாமல் எழுதுகிறேன். உங்கள் மகள் ஐந்தாவது மாதத்தில் கர்ப்பமாக உள்ளது. அது நலம். ஒரு தாய் இதைத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அது மிளகு உள்ள புளிப்பு சூப் கேட்கிறது. நான் செய்தேன், சரியாக இல்லை என்று முகம் சொன்னது."

மூணு தடவை படிச்சேன். அப்புறம் எழுந்திருச்சு தண்ணி குடிச்சேன். முதலாளி மகராஜன் தம்பி, "என்னக்கா, உடம்பு சரியில்லையா?"ன்னு கேட்டான். ஏசி ஒத்துக்கலைன்னேன். அந்த பிரஸ்ல ஏசியே கிடையாது.

எல்லார் வீட்டு விசேஷத்தையும் டைப் அடிச்சு அடிச்சு இந்த அருப்புக்கோட்டையில என் விரல் படாத கல்யாணமே இல்லங்கிற அளவுக்கு ஆயாச்சு. எனக்குன்னு ஒரு வரி அடிச்சதில்ல. பிரஸ் லேப்டாப்பை வீட்டுக்கு எடுத்துட்டு வர்றேன்ல, இனிமே இதுல கொஞ்சம் எழுதி வைக்கிறதுன்னு முடிவு. என் வீட்டுக்காரர் லேப்டாப் பக்கம் தலைவச்சும் படுக்கமாட்டார், அதனால பயம் இல்ல.

ஜூன் 5

ரசம் வச்சேன். "என்ன கனி, இன்னிக்கு மிளகு தூக்கலா இருக்கு?"ன்னார். இன்னும் ஒரு கரண்டி ஊத்தினேன்.

ஜூன் 7, ஞாயிறு

ரூபா எங்களுக்கு ஒத்தைப் பொண்ணு. ஜெயரூபா. படிக்கப் போனா, அங்கயே வேலை கிடைச்சுது, அங்கயே ஒரு பையனைப் பதிவுக் கல்யாணம் பண்ணிக்கிட்டு அப்புறமா ஃபோன் பண்ணிச் சொன்னா. செக் நாடு, பிர்னோன்னு ஊர். இவர் ஒண்ணு சொன்னார், அவ ஒண்ணு சொன்னா. "இனிமே இந்த நம்பருக்குக் கூப்பிடாத"ன்னு இவர் சொன்னதும் அவ வச்சுட்டா. சொன்ன சொல்லைக் காப்பாத்துறதுல அப்பனும் மகளும் ஒரே அச்சு. ரெண்டு வருஷம் ஓடிருச்சு.

நான் ஒண்ணும் ஏங்கிப் போயிடல. வேலை சரியா இருக்கு.

சம்பந்தியம்மாவுக்குப் பதில் போடணும்ல, அது மரியாதை. ரசம் பக்குவம் எழுதினேன். புளி கிடைக்காட்டி எலுமிச்சை பிழியலாம், ஆனா அடுப்பை அணைச்ச பிறகுதான் பிழியணும், கொதிக்கையில பிழிஞ்சா கசந்துரும்னு தெளிவா எழுதினேன். மெஷின்ல போட்டு அவங்க பாஷைக்கு மாத்தினேன். ஆனா அவங்க பேரை மெஷின் கையில விட எனக்கு மனசு வரல. பத்திரிகை அடிக்கிறவளுக்குத் தெரியும், பொருள் குத்தம் பொறுப்பாங்க, பேர்க் குத்தம் பொறுக்கமாட்டாங்க. சம்பந்தி வீட்டுப் பேர்ல ஒரு புள்ளி விட்டுப்போய் பந்தியில கை நனைக்காம எழுந்திருச்சுப் போன கூட்டத்தை நான் பார்த்திருக்கேன்.

அவங்க பேர் Jiřina. ஆர் தலையில குட்டியா ஒரு கொக்கி. யிர்ஷினான்னு சொல்லணுமாம், ஸ்பீக்கரை அமுக்கினா ஒரு பொம்பளை சொல்லிக் காட்டுறா. அந்தக் கொக்கி நம்ம கீபோர்டுல எங்க தேடியும் இல்ல. கொக்கி இல்லாமயே அனுப்பிட்டேன். மனசு உறுத்திக்கிட்டே இருக்கு.

ஜூன் 9

மகராஜன் தம்பிகிட்ட கேட்டேன். "எதுக்குக்கா?"ன்னான். "கத்து வச்சுக்கிட்டா நல்லதுதானே"ன்னேன். செட்டிங்ஸ்க்குள்ள போய் செக் கீபோர்டைச் சேர்த்துக் குடுத்தான். ஆல்ட்டும் ஷிஃப்ட்டும் சேர்த்து அமுக்கினா தமிழ், இன்னொரு தடவை இங்கிலீஷ், இன்னொரு தடவை செக்கு.

அடேயப்பா, என்னா கீபோர்டு அது! மேல நம்பர் வரிசை இருக்குல்ல, அதுல நம்பரே வராது. ரெண்டை அமுக்கினா ě. மூணுக்கு š. அஞ்சை அமுக்கினா நம்ம கொக்கி வச்ச ř. கொக்கியும் சாய்கோடுமா வரிசையா வருது. நம்பர் வேணும்னா ஷிஃப்ட்டைப் பிடிச்சுக்கிட்டு அடிக்கணுமாம். இஜட் இருக்கிற இடத்துல ஒய், ஒய் இருக்கிற இடத்துல இஜட். முப்பது வருஷமா பார்க்காம அடிச்ச விரல். முதல் நாள் டைப்பிங் கிளாஸ் போன மாதிரி தடவித் தடவி அடிச்சேன்.

ஸ்டிக்கர் பொட்டு அட்டையைப் பிரிச்சேன். சின்னப் பொட்டா எடுத்து நம்பர் கீ ஒவ்வொண்ணுலயும் ஒட்டி, பால்பாயின்ட் பேனாவால அந்தந்த எழுத்தை எழுதினேன். லேப்டாப் இப்ப பொட்டு வச்ச சுமங்கலி கணக்கா இருக்கு.

ஜூன் 12

பதில் வந்துச்சு. ரசம் வந்துருச்சாம்! "அது இரண்டு கிண்ணம் குடித்தது. பிறகு அழுதது. யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டது. இணையம் என்று பொய் சொன்னேன்."

மெஷின் எல்லாத்தையும் "அது"ங்குது. எங்கேயோ தொட்டில் குழந்தையைப் பத்திப் பேசுற மாதிரி இருக்கு எனக்கு.

ஜூன் 17

மானம் போச்சு. செக்கு கீபோர்டை மாத்தாம விட்டுட்டு பிரஸ்ல பத்திரிகை அடிச்சிருக்கேன். கல்யாண மண்டபத்து ஃபோன் நம்பர் முழுக்கக் கொக்கியும் சாய்கோடும். புரூஃப்லயே மகராஜன் தம்பி பிடிச்சுட்டான். "என்னக்கா, மண்டபத்து நம்பருக்குக் கொம்பு முளைச்சிருக்கு?"ன்னு கேட்டான். கடையே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். அப்புறம் அவன் மெதுவா, "ரூபா கிட்ட இருந்து எதுவும்...?"ன்னான். "உன் வேலையைப் பாருப்பா"ன்னுட்டேன்.

பாவம், நல்ல பையன். சாயங்காலம் வடை வாங்கிக் குடுத்தேன்.

ஜூன் 21, ஞாயிறு

அவங்களைப் பத்தி இப்ப எனக்குக் கொஞ்சம் தெரியும். யிர்ஷினாவுக்கு என்னைவிட நாலஞ்சு வயசு கூட. புருஷன் இல்ல. பேக்கரியில வேலை பார்த்தவங்க. ஒரே மகன், ஓந்த்ரெய், அந்தப் பேர்லயும் ஒரு கொக்கி இருக்கு. ரூபாவோட கால் வீங்கினா அவங்கதான் வெந்நீர் வச்சுக் குடுக்குறாங்க. ரூபா நடுராத்திரி எழுந்து ஊறுகாய் பாட்டிலோட உட்கார்ந்திருக்காளாம்.

படிக்கப் படிக்க நல்லாத்தான் இருந்துச்சு. கால் வீங்கின வரிக்கே திரும்பப் போனேன். அந்தக் காலை நான்ல பிடிச்சு விடணும்? அவங்க மேல எனக்குக் கோவமா, நன்றியான்னு எனக்கே பிடிபடல.

இவர் டிவி பார்த்துக்கிட்டே, "அங்க இன்னிக்கு இருபத்தாறு டிகிரியாம்"னார். "எங்க?"ன்னேன். "இல்ல, சும்மா. பேப்பர்ல போட்டிருந்தான்"னார். எங்க வீட்டுல பேப்பர் நிறுத்தி வருஷமாச்சு.

ஜூன் 28, ஞாயிறு

தலைப்பிரசவம் தாய்வீட்டுல. இதுல பேச்சுக்கு இடமே இல்ல. எங்கம்மா அப்படித்தான் என்னை அழைச்சிட்டு வந்தாங்க, அவங்களை அவங்கம்மா. ஏழாம் மாசம் வளையல் போட்டு, அஞ்சு வகைச் சோறு கட்டி, சம்பந்திகிட்டச் சொல்லிட்டுக் கூட்டிட்டு வர்றது. கோவம் இருக்கிற வீட்டுலகூட அதுக்கு மட்டும் வாசல் திறக்கும். எதிர்வீட்டு ராசாத்தியக்கா மக ஓடிப்போய்க் கட்டிக்கிட்டவதான், வளைகாப்புன்னதும் அவ அப்பாவே கார் எடுத்துட்டுப் போகலையா?

அதனால முறைப்படி பத்திரிகை அடிக்கப் போறேன். முறையா ஒரு காகிதம் போனா ரூபாவும் தட்டமாட்டா, இவரும் தட்ட முடியாது. ஆவணி ஆறு, ஞாயித்துக்கிழமை, வளர்பிறை, நல்ல நாள். ஆடி பிறக்கிறதுக்குள்ள அனுப்பிடணும், ஆடியில நல்ல சேதி அனுப்பக் கூடாது.

எனக்கு அவ குரலைக் கேட்கணும். வேற ஒண்ணும் இல்ல. திட்டுனாக்கூடப் பரவாயில்ல.

ஜூலை 3

பத்திரிகைக்கு இடது பக்கம் தமிழ், வலது பக்கம் செக்கு. மெஷின் தர்ற செக்கை ஒட்டினா டிசைன் போடுற சாஃப்ட்வேர் ஏத்துக்கல. நம்ம பழைய தமிழ் ஃபான்ட்டு கொக்கி எழுத்தைக் கண்டா மிரண்டு போய் ஞாவும் ஙௌவுமா கொட்டுது. வேற வழி? ஒவ்வொரு எழுத்தா பார்த்துப் பார்த்து என் கையாலதான் அடிக்கணும். தலையில கொக்கி, பக்கத்துல சாய்கோடு, ஒரு யு மேல மோதிரம் மாதிரி ஒரு வட்டம். அந்த வட்டத்தைத் தேடி எடுக்க எனக்கு அரைநாள் ஆச்சு.

ஜூலை 6

மத்தியான டீ நேரம் பூரா இதுலதான் போகுது. சுண்டுவிரல் வலிக்குது. இன்னிக்குத் தடவாம ஒரு முழு வரி அடிச்சேன். யார்கிட்டயாவது சொல்லணும்போல இருந்துச்சு. யாரும் இல்ல, அதான் இங்க சொல்றேன்.

ஜூலை 10, வெள்ளி

அடிச்சு முடிச்சேன். தமிழ்ப் பக்கம் எப்பவும் அடிக்கிற வாசகம்தான், கண்ணை மூடிட்டு அடிப்பேன். "எங்கள் அன்பு மகள் சௌபாக்கியவதி ஜெயரூபாவுக்கு, பெரியோர்கள் நிச்சயித்தபடி, ஏழாம் மாத வளைகாப்பு நடத்தி, தலைப்பிரசவத்திற்காக எங்கள் இல்லத்திற்கு அழைத்துவர இருப்பதால்..." கீழ, தங்கமாரியப்பன், சண்முகக்கனின்னு எங்க ரெண்டு பேர் பேரும். எதிர்ப்பக்கம் சம்பந்தி பேரும் மாப்பிள்ளை பேரும், கொக்கி எல்லாம் சரியா உட்கார்ந்திருக்கு.

இவர்கிட்டக் கேட்காம இவர் பேரைப் போட்டாச்சு. கேட்டா "வேண்டாம்"பார். கேட்கலைன்னா "ஏன் கேட்கல"ம்பார். ரெண்டாவதே பரவாயில்லன்னு தோணுச்சு. புரூஃபைச் சாப்பாட்டு மேஜை மேல, அவர் தட்டுக்குப் பக்கத்துல வச்சுட்டுக் குளிக்கப் போயிட்டேன். குளியலறைக்குள்ள தண்ணி ஊத்தாம நின்னுக்கிட்டு இருந்தேன், சத்தம் கேட்குதான்னு.

வந்து பார்த்தா காகிதத்துல பேனாவால ஒரு திருத்தம். அவர் பேருக்கு முன்னாடி 'சு.' போட்டிருக்கார். "இனிஷியல் இல்லாம எவனாவது பத்திரிகை அடிப்பானா?"ன்னார். அவ்வளவுதான் சொன்னார். மூணு இட்லி கூடச் சாப்பிட்டார்.

சாயங்காலமே மெயில்ல அனுப்பிட்டேன். பத்து அச்சடிச்ச பத்திரிகை, ஓரத்துல மஞ்சள் தடவி, பீரோவுல வச்சிருக்கேன்.

ஜூலை 14

கொத்தனார் வந்திருக்கார். பாத்ரூம்ல வெஸ்டர்ன் டாய்லெட் போடணுமாம். "முட்டி வலிக்குது கனி, குத்துக்கால் வைக்க முடியல"ன்னார். முட்டி வலிக்கிறவர் நேத்து தென்னை மரத்தடியில குத்துக்கால் வச்சு உட்கார்ந்து களை பிடுங்கிக்கிட்டு இருந்தார். கொத்தனாருக்கு டீ போட்டுக் குடுத்தேன்.

ஜூலை 16

சம்பந்தியம்மாகிட்ட இருந்து பதில் இல்ல. வழக்கமா நாலஞ்சு நாளுக்குள்ள வந்துரும்.

ஜூலை 18

ஆடி பிறந்தாச்சு. பிரஸ்ல ஈ ஓட்டுறோம். பதில் இல்ல.

பத்திரிகையைத் திறந்து எழுத்து எழுத்தா பார்த்தேன். எங்கயாவது கொக்கியை விட்டுட்டேனா? சாய்கோடு வேற எழுத்துல ஏறிப்போச்சா? யிர்ஷினாங்கிற பேர் சரி. ஓந்த்ரெய் சரி. அவங்க குடும்பப் பேர்லயும் கடைசி எழுத்துல சாய்கோடு இருக்கு, சரி. பொம்பளைங்களுக்கு அந்தக் குடும்பப் பேர் வால் நீண்டு வருமாம், அதையும் பார்த்துத்தான் போட்டேன்.

ஜூலை 21

மறுபடி பார்த்தேன். எல்லாம் சரியாத்தான் இருக்கு. இல்ல, எனக்குத் தெரியாத ஏதோ தப்பு இருக்கு. "பேர்ல பிழை இருந்தா மன்னிச்சுக்கோங்க"ன்னு ஒரு வரி அனுப்பினேன். அதுக்கும் பதில் இல்ல.

பேசாம ரசத்தோட நிறுத்தியிருக்கலாம். மாசத்துக்கு ரெண்டு சேதியாவது வந்துக்கிட்டு இருந்துச்சு. பேராசை. இருக்கிறதையும் கெடுத்துக்கிட்டேன்.

இவர் கேட்டார், "மகராஜன் கடையில மெயில் எல்லாம் ஒழுங்கா வருதா?" வருதுன்னேன். "சிலசமயம் குப்பைப் பெட்டிக்குள்ள போயிருமாமே, அதையும் பாரு"ன்னார். பார்த்தேன். பரிசுக்காரன்தான் இருந்தான்.

ஜூலை 26, ஞாயிறு

ஃபோன் வந்துச்சு. ரூபா ஃபோன் பண்ணினா.

எழுத்து தப்புத் தப்பா விழுது. இருந்தாலும் எழுதிடுறேன். மத்தியானம் வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தேன். ஃபோன்ல பெருசா ஒரு நம்பர். எடுத்ததும் ஒரு அலோகூட இல்ல.

"அம்மா, யாரைக் கேட்டு நீ பத்திரிகை அடிச்ச?"

கத்தியைக் கீழ வச்சேன்.

"கேட்குதா? அத்தைக்கு ரகசியமா மெயில் போடுற, சமையல் சொல்லித் தர்ற, எல்லாம் நேத்துத்தான் தெரியும் எனக்கு. என்னம்மா எழுதி வச்சிருக்க? பெரியவங்க முடிவு பண்ணிட்டாங்க, பொண்ணைக் கூட்டிட்டுப் போறோம்னு! அவங்க பயந்து போயிட்டாங்க. என் மகனை விட்டுப் பிரிக்கப் போறாங்க, பேரப்புள்ளையைக் கண்ணுல காட்டமாட்டாங்கன்னு ஒரு வாரமா சாப்பிடல. என் சூட்கேஸைத் தூக்கித் தன் அலமாரிக்குள்ள வச்சுப் பூட்டிட்டாங்கம்மா! என்னன்னு கேட்டா ஓன்னு அழுறாங்க. அப்புறம்தான் பத்திரிகையை எடுத்துக் காட்டுறாங்க."

"அடிப்பாவி, பிள்ளை பிறந்து அஞ்சாம் மாசம் நாங்கதானே கொண்டாந்து விடுவோம்!"

"அது பத்திரிகைல இருக்கா?"

"அதை எவ பத்திரிகைல போடுவா? ஊருக்கே தெரிஞ்சதுதானே!"

"அவங்க உன் ஊரா?"

அவ கேட்டது நியாயம்தான். கொக்கியைப் பார்த்தேன், கோட்டைப் பார்த்தேன், வாசகத்தை ஒருதடவை பார்க்கல. ஆயிரம் தடவை அடிச்ச வாசகம், அதைப் படிச்சு ஒருத்தி பயப்படுவான்னு எனக்கு எப்படித் தோணும்? பாவம் அந்த அம்மா. சூட்கேஸைப் பூட்டி வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கிறதை நினைச்சதும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அடக்கப் பார்த்தேன், முடியல. ரூபா, "சிரிக்கிறியா? சிரிக்கிறியாம்மா நீ?"ன்னா. அப்புறம் அவளும் சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே இருந்தவ, அழ ஆரம்பிச்சா.

"ரெண்டு வருஷமா ஏம்மா கூப்பிடல?"

"நீ நம்பரை மாத்திட்டியேடி."

"மெயில் மாத்தலையே."

ஆமா, மாத்தல. வெங்காயத்தை நகர்த்தி வச்சேன்.

"சரி, ஆவணிக்கு வந்துருவியா?"ன்னு கேட்டேன். நஞ்சுக்கொடி கீழ இறங்கி இருக்காம்னா. டாக்டர் பிளேன்ல ஏறவே கூடாதுன்னுட்டாராம். பிரசவம் வரைக்கும் வீட்டை விட்டு அதிகம் நகரக்கூடாதாம். குழந்தைக்கு ஒண்ணும் இல்ல, பயப்பட ஒண்ணும் இல்லன்னா.

"வரணும்னு ஆசையா இருக்கும்மா. பத்திரிகையைப் பார்த்ததும் கோவம் வந்துச்சு, அப்புறம் உன் பேரையும் அப்பா பேரையும் பார்த்தேன். இனிஷியலோட. அப்பாவுக்குத் தெரியுமா?"

"அவர்தான் இனிஷியலே போட்டார்."

திரும்பிப் பார்த்தா இவர் அடுப்படி வாசல்ல நிக்கிறார். எப்ப வந்தாரோ. ஃபோனை நீட்டினேன். வேண்டாம்னு கையைக் காட்டிட்டுக் கொல்லைப் பக்கம் போயிட்டார். "அப்பா வெளிய போயிருக்கார்"ன்னு சொன்னேன். "சரிம்மா"ன்னா. அவளுக்குத் தெரியும்.

சாயங்காலம் இவர் சொன்னார், "டாய்லெட் நல்லாத்தான் இருக்கு. முட்டிக்கு இதமா இருக்கு." சொல்லிட்டு வேட்டியை உதறி உதறி மடிச்சுக்கிட்டே இருந்தார்.

ஜூலை 27

சம்பந்தியம்மாவுக்கு எழுதணும். தாய்வீட்டுக்கு வரமுடியாத பொண்ணை வச்சுக்கிட்டு என்ன பண்றது? அழுது ஒரு பொழுது போக்கினேன். இன்னிக்குக் காலையில முகத்தைக் கழுவிட்டு உட்கார்ந்தேன்.

மெஷின் தந்த வார்த்தையை ஒட்டாம, ஒவ்வொரு எழுத்தா என் விரலால அடிச்சேன். நம்ம தமிழ்ல அது இப்படி:

"மதிப்புக்குரிய யிர்ஷினா சம்பந்தியம்மா, பயமுறுத்திட்டேன். தெரிஞ்சு பண்ணல. எங்க ஊர்ல பொண்ணைக் கூட்டிட்டு வந்து, பிள்ளையோட கொண்டுவந்து விடுறது வழக்கம். பிரிக்கிறதுக்கு இல்ல, அவ கொஞ்சம் தூங்கட்டும்னுதான். புகுந்த வீட்டுல பொண்ணுங்க பகல்ல கால் நீட்டிப் படுக்கமாட்டாங்க. அம்மா வீட்டுலதான் படுப்பாங்க. அவ்வளவுதான் அதுல இருக்கு. இப்ப அவ அங்கதான் இருக்கணும். வளையலை நீங்க போட்டு விடுங்க. அவளைத் தூங்க விடுங்க. சூட்கேஸைத் திறந்து குடுத்துருங்க."

அடிச்சு முடிக்கையில என் பொண்ணை நானே இன்னொருத்தி கையில குடுத்த மாதிரி இருந்துச்சு. கல்யாணத்துல செய்யவேண்டியது. இப்பத்தான் செஞ்சேன்.

ஜூலை 28

"சூட்கேஸ் திறந்தேன். வெட்கப்படுகிறேன். அது இங்கே பகலில் தூங்கலாம், நான் அண்டைவீட்டுக்காரரிடம் துளையிடும் இயந்திரம் கூடாது என்று சொல்லிவிட்டேன். உங்கள் பத்திரிகையின் ஞாயிறு அன்று மடிக்கணினியை மேஜையில் வைப்பேன். நீங்கள் அதற்குள் இருந்து முதலில் வளையல் போட வேண்டும். நான் இரண்டாவது."

ஆகஸ்ட் 9

ரூபா தினமும் கூப்பிடுறா. என்னத்தையாவது பேசுறோம். அங்க இந்தியச் சாமான் விக்கிற கடையில கண்ணாடி வளையல் கிடைச்சிருச்சாம், பச்சையும் சிவப்பும். இவர் பக்கத்துல உட்கார்ந்து காய் நறுக்குறார். ஒரு கத்திரிக்காயை முக்கால் மணி நேரம் நறுக்குறார். அவ "அப்பா எப்படி இருக்கார்?"ம்பா, நான் "நல்லா இருக்கார்"ம்பேன். பேசமாட்டார். கேட்டா, "அவதானே கூப்பிடணும்"னார். "அவதான் தினம் கூப்பிடுறாளே"ன்னேன். "உன்னை"ன்னார்.

ஆகஸ்ட் 22

மஞ்சள் தடவின பத்திரிகை ஒண்ணை மகராஜன் தம்பிக்குக் குடுத்தேன். ரெண்டு கையால வாங்கினான். ராசாத்தியக்காவுக்கும் குடுத்தேன். "பொண்ணு அங்க, பத்திரிகை இங்கயா?"ன்னா. ஆமான்னேன்.

ஆகஸ்ட் 23, ஞாயிறு

எலுமிச்சை, புளி, தேங்காய், தயிர், சர்க்கரைப் பொங்கல், அஞ்சும் பண்ணி முடிச்சு, லேப்டாப்பைச் சாப்பாட்டு மேஜைல வச்சேன். இங்க மத்தியானம், அங்க காலை. ராசாத்தியக்காவும் மகராஜன் தம்பி பொஞ்சாதியும் வந்திருந்தாங்க. இவர் புதுச் சட்டை போட்டுக்கிட்டு, உள் அறையில கதவைத் திறந்து வச்சுட்டு உட்கார்ந்திருந்தார்.

திரையில ரூபா வந்தா. பட்டுப்புடவை கட்டியிருந்தா, கொசுவம் கோணலா இருந்துச்சு. முகம் பூரிச்சுக் கிடக்கு. வயிறு தெரிஞ்சுது. பின்னாடி யிர்ஷினா, நெத்தியில பொட்டு, சட்டை மேல பூப்போட்ட ஏப்ரன். மாப்பிள்ளை உயரமா வந்து குனிஞ்சு கும்பிட்டார்.

ரூபா ரெண்டு கையையும் திரைப் பக்கம் நீட்டினா. "நீ போடும்மா முதல்ல."

எப்படிப் போட? நான் ஒரு வளையலை எடுத்து இங்க திரை மேல அவ கை தெரியுற இடத்துல வச்சேன். அதே நேரம் அங்க சம்பந்தியம்மா ஒரு வளையலை அவ கையில ஏத்தினாங்க. எனக்குக் கண்ணு மறைச்சு எந்தக் கையில ஏறுச்சுன்னுகூடத் தெரியல. ராசாத்தியக்கா குலவை போட்டா. அங்க யிர்ஷினா மிரண்டு போய் அப்புறம் தானும் ஒரு சத்தம் குடுத்துப் பார்த்தாங்க. ரூபா விழுந்து விழுந்து சிரிச்சா.

எல்லாம் முடிஞ்சு கடைசியில ஒரு முறை இருக்கு. பெத்தவ எழுந்து நின்னு, "எங்க பொண்ணை அழைச்சிட்டுப் போறோம்"னு சம்பந்திகிட்டச் சொல்லணும். நான் எழுந்துட்டேன். பழக்கம். எழுந்து நின்ன பிறகுதான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லன்னு உரைச்சுது. ராசாத்தியக்கா தலையைக் குனிஞ்சுக்கிட்டா. "பார்த்துக்கோங்க"ன்னேன். அவ்வளவுதான் வந்துச்சு. ரூபா அதை அவங்க பாஷையில சொன்னா. சம்பந்தியம்மா நெஞ்சுல கையை வச்சுத் தலையசைச்சாங்க.

வந்தவங்க சாப்பிட்டுப் போனாங்க. அங்க ரூபாவுக்குக் களைப்பு, கண்ணு சொருகுது. "நீ கட் பண்ணும்மா"ன்னா. "நீ பண்ணு"ன்னேன். "நீ பண்ணு." ரெண்டு பேரும் பண்ணல. பேட்டரி குறைவுன்னு திரையில காட்டுச்சு. சரி, இதுதான் நேரம்னு நினைச்சேன்.

உள் அறையில இருந்து இவர் சார்ஜரோட வந்தார். மேஜைக்கு அடியில குனிஞ்சு, பிளக்கை மாட்டினார். நிமிர்ந்தவர் நேரா திரைக்கு முன்னாடி.

"கட் பண்ண வேண்டாம். ஓடட்டும்"னார்.

"அப்பா"ன்னா.

"படுத்துக்கம்மா. இடது பக்கமா ஒருக்களிச்சுப் படு. நஞ்சு கீழ இருந்தா மல்லாக்கப் படுக்கக் கூடாது."

சம்பந்தியம்மா தலையணை கொண்டாந்து குடுத்தாங்க, லேப்டாப்பைக் கட்டில் பக்கத்துல நாற்காலியில வச்சாங்க, ஜன்னல் திரையை இழுத்து விட்டுட்டு வெளிய போய்க் கதவைச் சாத்திட்டாங்க. ரூபா இடது பக்கமா படுத்தா, எங்களைப் பார்த்தே படுத்தா. அஞ்சு நிமிஷத்துல தூங்கிட்டா.

இப்ப அவ திரையில ஒரு ஓரத்துல சின்னதா தூங்கிக்கிட்டு இருக்கா. இந்தப் பக்கம் நான் இதை எழுதுறேன். இவர் எதிர்ல உட்கார்ந்து, நான் ஒரு கீயைக் கொஞ்சம் அழுத்தி அடிச்சாக்கூட உதட்டுல விரலை வைக்கிறார். ஃபேனை நிறுத்தி வச்சிருக்கார், சத்தம் போகுதாம். வேர்த்து ஊத்துது. குக்கர் வைக்கக் கூடாதுன்னுட்டார். எனக்கு எழுந்திருக்க மனசு இல்ல. அவ மூச்சு விடுறது லேசா கேட்குது, நடுவுல ஒருதரம் வளையல் சத்தம். வீட்டுல பிள்ளை தூங்குதுன்னு அடிமேல அடி வச்சு நடக்கிறோம், ரெண்டு கிழடும்.

புரண்டு படுக்கிறா. கண்ணைத் திறக்கிறா. அம்மாங்கிறா.